புளியம் ஓடு வேய்ந்த வீடு

இது நடந்தது. நம்பச் சொல்லி யாரையும் நான் கெஞ்சப் போவதில்லை. நம்பாதவர்கள் இப்போதே எழுந்து வேறு வேலை பார்க்கப் போகலாம். நம்புகிறவர்கள் மேலும் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. எதைச் சொன்னாலும் வாயைப் பிளந்துகொண்டு கேட்கிற கூட்டம் அது. பேய் பிசாசு என்று உளறுகிறவர்களைக் கண்டால் அன்றும் எனக்கு ஆகாது, இன்றும் ஆகாது. பிரபவ வருஷம் பங்குனி மாதம், பட்டப்பகலில், என் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

கண் என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சிறு வயதில் அம்மை போட்டு என் வலது கண்ணில் பூ விழுந்துவிட்டது. கறுவிழி ஓரத்தில் வெள்ளையாக ஒரு பொட்டு இருக்கும். பார்வைக்குக் குறைவில்லை.

காரைக்குடியிலிருந்து இளையாத்தங்குடி போகிற வழியில் ஒரு செம்புறாங்கல் மேடு உண்டு. அதன் சரிவில் புளியும் வேலும், மேலே ஒரு வேப்பமரம், மரத்தடியில் கருப்பர். சொந்த வீடு வேண்டும் என்கிறவர்கள் அங்கே போய் முழ உயரத்தில் ஒரு வீடு கட்டி வைத்துவிட்டு வருவார்கள். மேட்டில் உதிர்ந்து கிடக்கிற கல், குச்சி, ஓலை, விதை, மண், இவற்றால்தான் கட்ட வேண்டும். மரத்திலிருந்து ஓர் இலையைக்கூடப் பறிக்கக் கூடாது. நிஜ வீடு அமைந்ததும், கட்டியவர் தம் கையாலேயே அதைப் பிரித்துப் போட்டுவிட வேண்டும். ஒரே ஆளுக்கு இரண்டு வீட்டைக் கருப்பர் பொறுக்க மாட்டாராம். கருப்பருக்கு வேறு ஜோலி இல்லை போலிருக்கிறது. வீடு வேண்டுமென்றால் ஒன்று உழைக்க வேண்டும், இல்லை பிச்சை எடுக்க வேண்டும். குச்சி பொறுக்குவது எதில் சேர்த்தி என்று நான் பலரைக் கேட்டிருக்கிறேன்.

அந்தக் குச்சி பொறுக்கும் கூட்டத்தில் என் தங்கை மீனாளே போய்ச் சேர்ந்தாள்.

அவள் புருஷன் சோமுவைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. ரங்கூனில் எட்டு வருஷம் குப்பை கொட்டிவிட்டு, நடு வகிடு எடுக்கக் கற்றுக்கொண்டு வந்தான். அவன் கொண்டுவந்ததில் உருப்படியானது ரங்கூன் சுருட்டு ஒன்றுதான். எனக்கு அது வாயை விட்டு இறங்காது. அவன் வீட்டில் அண்ணன் தம்பி நான்கு பேர். மாளிகை மாதிரி வீடு, ஆனால் ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை. அந்த ஒற்றை அறையில் மீனாளுக்கு மூன்று தடவை வயிற்றில் பிள்ளை தங்காமல் போயிற்று. தனி வீடு போனால் தங்கும் என்று அவளுக்கு ஒரு எண்ணம்.

ஒரு மாதம் போய்ப் போய்க் கட்டினாள். ஈரக் களிமண்ணும் கல் சில்லும் வைத்துச் சுவர். ஆவாரங்குச்சித் தூண்கள். நடுவில் திறந்த முற்றமாக வளவு. கூரைக்குப் புளியம்பழ ஓட்டை உடைத்து வரிசையாக வேய்ந்திருந்தாள். வேலங்குச்சி நிலையில் பித்தளைக் குமிழுக்குப் பதில் குன்றிமணி. நன்றாகத்தான் இருந்தது. அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

மறு வருஷமே சோமு காரைக்குடியில் தனி வீடு கட்டிவிட்டான். அதிசயம்தான். பால் காய்ச்சுகிற அன்று, மேட்டுக்குப் போய்ச் சின்ன வீட்டைப் பிரித்துவிட்டு வருகிறேன் என்றாள் மீனாள். அவள் மாமியார் பெத்தாச்சிக்கு வந்ததே கோபம்.

"பால் காச்சுற அன்னைக்கு வீட்டைப் பிரிக்கிறதா? நம்மள்ல வீடு கட்டுறவுகதான் உண்டு. பிரிக்கிறவுக கிடையாது."

வீட்டைக் கட்டிக் கட்டியே பெருமை பேசுகிற ஜாதி எங்களுடையது. குச்சி வீடானாலும் வீடுதானே. யாரும் பிரிக்கப் போகவில்லை. இரண்டு பெண்களின் மூடத்தனமும் மோதிக்கொண்ட அழகைப் பார்த்து நான் சிரித்துவிட்டு வந்தேன்.

புது வீட்டில் மீனாள் உண்டானாள். ஏழாம் மாதம் வந்தது. அதுவரைக்கும் தங்கிய பிள்ளை இது ஒன்றுதான்.

அப்போதுதான் ஆரம்பித்தது.

முதலில் புழுதி. தெருவெல்லாம் வெள்ளை மணல், வீட்டுக்குள் மட்டும் செம்மண். காலையில் பெருக்கினால் மதியம் மறுபடி படிந்திருக்கும். வேலைக்காரி சோம்பேறி என்றேன்.

பிறகு ஒரு நாள் வளவு நனைந்து கிடந்தது. காரைக்குடியில் அன்று ஒரு பொட்டு மழை இல்லை. இளையாத்தங்குடிப் பக்கம்தான் நல்ல மழை. குடம் சிந்தியிருக்கும் என்றேன்.

பிறகு உச்சி வேளையில் ஒரு சத்தம். புஸ்... புஸ்... என்று கூரைக்கு மேலே மூச்சு விடுகிற மாதிரி.

"ஆடு மேயிற மாதிரி இருக்குண்ணே. வாடைகூட அடிக்கிது."

"கூரை மேல ஆடு மேயுதாக்கும். ஒம் புருசனை ஏத்தி விடு, ஓட்டிட்டு வரட்டும்."

அவள் சிரிக்கவில்லை. வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"இந்தப் புள்ளையாவது எனக்கு நெலைக்கணும்ணே. மேட்டுப் பக்கம் நான் போகக் கூடாதுன்னுட்டாக. நீங்க போங்க. தொட வேணாம். பாத்துட்டு மட்டும் வாங்க."

அவள் அழுதிருந்தால் திட்டிவிட்டு வந்திருப்பேன். அழவில்லை. அதனால் போனேன்.

மறுநாள் வில்வண்டியில் போய் இறங்கியபோது வெயில் தலைக்கு நேரே நின்றது. வண்டிக்காரன் மாயக்கண்ணன் மேட்டைப் பார்த்துவிட்டு மாட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டான்.

"உச்சி நேரம். நான் மாட்டோட இருக்கேன். நீங்க போயிட்டு வாங்க."

கோழைப்பயல் என்று சொல்லிவிட்டு மேலே ஏறினேன்.

மேடு முழுக்கச் சின்ன வீடுகள். எல்லாம் சாய்ந்து, கரைந்து, ஆடு மிதித்துக் கிடந்தன. மீனாள் வீடு மட்டும் நின்றது.

இரண்டு வருஷத்து மழைக்கும் வெயிலுக்கும் சுவரில் ஒரு கீறல் இல்லை. சுற்றிலும் ஆட்டுக் குளம்புத் தடம். ஓர் ஓடுகூட நகரவில்லை. குன்றிமணி துடைத்து வைத்ததுபோல் மின்னியது.

வாசலில் ஒரு கோலம்.

நகத்தளவு கோலம். அன்று காலையில் போட்டது போலிருந்தது.

எவனோ வேலையற்றவன் விளையாடியிருக்கிறான் என்று சொல்லிக்கொண்டேன். சுருட்டை வாயில் கடித்தபடி மண்டியிட்டேன். வாசலில் புழுதி. ஃபூ... என்று ஊதினேன்.

வலது கண்ணை வாசலில் வைத்தேன்.

இருட்டு. பிறகு வளவின் வெளிச்சம். தூண்கள்.

தூணுக்கு அருகில் ஏதோ அசைந்தது. அரக்கு நிறம்.

ஙீ... என்று ஒரு சத்தம். கொசு கத்துவது போல.

நிற்கவில்லை. கத்திக்கொண்டே இருந்தது...

அப்போது என் முதுகில் நிழல் விழுந்தது. வெயில் சட்டென்று அணைந்து, முதுகு குளிர்ந்தது.

மேகம் என்று நினைத்தேன்.

திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்து ஓடினேன்.

வண்டி காரைக்குடி வந்து சேர்ந்தபோது வீடு முழுக்கச் செம்மண். குத்துவிளக்கு கவிழ்ந்து எண்ணெய் ஓடிக் கிடந்தது. மீனாளைப் பாயில் படுக்க வைத்திருந்தார்கள். அரக்குச் சேலை கட்டியிருந்தாள்.

"உச்சிக்கு வாசல்ல காத்து அடிச்சுச்சு," என்றாள். "சூடா. சுருட்டு நாத்தம்."

நான் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டேன்.

"அப்பறம் வாசல் இருட்டிருச்சு. அடைச்சுக்கிட்டு ஒரு கண்ணு."

"என்ன கண்ணு?"

அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"பூ விழுந்த கண்ணு."

அன்று ராத்திரி அந்த வீட்டில் யாரும் படுக்கவில்லை. மீனாள் படுக்க விடவில்லை. காலையில் எல்லோரையும் தெருவில் நிறுத்திவிட்டு வண்டியில் ஏறினாள். அரண்மனை மாதிரி வீட்டை விட்டுவிட்டுப் போகிறாயே என்று சோமு குதித்தான். "வீடு வேணாம். புள்ளை போதும்," என்றாள். அவனுக்கு அவள் சொன்ன கடைசி வார்த்தை அன்றைக்கு அதுதான்.

மேட்டில் உட்கார்ந்து பிரித்தாள். புளியம் ஓடுகளை ஒவ்வொன்றாக எடுத்து இடது பக்கம் அடுக்கினாள். தூண்களை வரிசையாகப் படுக்க வைத்தாள். சுவரைக் கட்டி கட்டியாகப் பெயர்த்தாள். நிலையை மட்டும் இரண்டு கையாலும் பிடித்து எடுத்தாள். நான் தள்ளி நின்றேன்.

திரும்பி வந்தால் தெருவில் ஊரே கூடியிருந்தது. வீடு இல்லை. இடிந்து விழவில்லை. ஓடுகள் இடது பக்கம் அடுக்கியிருந்தன. தேக்குத் தூண்கள் வரிசையாகப் படுத்திருந்தன. சோமு நடு வகிடு கலைந்து நின்றான்.

"ஒண்ணொண்ணா மேல போச்சு மச்சான். தானா மேல போயி, தானா வந்து படுத்துச்சு."

ஓவர்சியர் ஒருவர் வந்து பார்த்துவிட்டுக் கறையான் என்றார். தேக்கைக் கறையான் தின்னுமா என்று கேட்டேன். தின்றாலும் தின்னும் என்றார். படித்த மடையன்.

மீனாளுக்குப் பெண் பிறந்தது. பழைய வீட்டின் அந்த ஒற்றை அறையிலேயே நன்றாக வளர்ந்தது. இவ்வளவோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

போன மாதம் மீனாளைப் பார்க்கப் போயிருந்தேன். பேச்சோடு பேச்சாக, என் கண்ணைப் பார்த்தா அப்படிப் பயந்து விழுந்தாய் என்று கேலி செய்தேன்.

"உங்க கண்ணுன்னு தெரிஞ்சதும் பயம் போயிருச்சுண்ணே."

"பின்னே என்ன?"

வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"நீங்க கண்ணை எடுத்தீகள்ல. வாசல்ல வெளிச்சம் வரும்னு பாத்தேன். வரலை. உங்களுக்குப் பின்னால வானமே இல்லை. அங்குட்டும் ஒரு கண்ணு இருந்துச்சு. உங்களைப் பாத்துக்கிட்டு."

அன்று முதுகில் விழுந்த நிழலைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை.

இப்போதெல்லாம் உச்சி வேளையில் நான் வெளியே போவதில்லை. போக நேர்ந்தாலும் தலையை நிமிர்த்துவதில்லை. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.