கண்மாய்க்கரையில் சத்தம் போடக் கூடாது

இயற்கையைக் காட்டிப் பிழைப்பதைப் போல அலுப்பான தொழில் வேறு இல்லை. காட்டப்படும் பறவையும் நம் பேச்சைக் கேட்காது, பார்க்க வந்தவர்களும் கேட்க மாட்டார்கள். இதே தொழிலில் சிக்கிக்கொண்ட தோழர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் நான் இதில் வந்து சேர்ந்த கதையை வரிசை மாறாமல் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, மதுரையில் பதினாறு வருஷம் நான் உழைத்த மில், வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்றதற்காக என்னை வெளியே தள்ளியது. இரண்டாவது, எங்கள் சங்கமே நிர்வாகத்தோடு ஒப்பந்தம் போட்டு, என்னைத் தவிர எல்லோரையும் உள்ளே அனுப்பியது. மூன்றாவது, அந்த ஒப்பந்தத்தை மாபெரும் வெற்றி என்று அச்சடித்து, அந்த நோட்டீஸை என்னிடமே கொடுத்து விநியோகிக்கச் சொன்னார்கள். நான்காவது, மச்சினன் சிபாரிசில் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு டிராவல்ஸில் சேர்ந்தேன். மற்ற வழிகாட்டிகளுக்கெல்லாம் கோயிலும் மகாலும். எனக்கு மட்டும் எழுமலைப் பக்கம் ஒரு கண்மாயும் அதில் வந்திறங்கும் பறவைகளும்.

மார்கழி பிறந்தால் அந்தக் கண்மாயின் கருவேல மரங்களில் நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டும். அந்த ஊரில் சாவு ஊர்வலம்கூடக் கரையைத் தாண்டும்வரை கொட்டுமேளத்தை நிறுத்திவிட்டுத்தான் போகும். வெளியாட்களை உள்ளே விட ஊர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: கூட்டில் முட்டை இருக்கும்போது பறவையைக் கிளப்பக் கூடாது. கிளப்பினால், அந்த ஆளின் பெயரை ஊர் கூடும் மந்தையில் வாசிப்பார்கள். பிறகு அந்தப் பருவம் முழுக்க அவர் கரையில் கால் வைக்க முடியாது. எனக்கு டிராவல்ஸில் இருந்த ஒரே வேலை அந்தக் கரை. அதனால் ஒவ்வொரு வேன் வந்து நிற்கும்போதும் இறங்குகிறவர்களின் கைகளைத்தான் முதலில் பார்ப்பேன்.

கே.கே. நகர்க் குடும்பம்

முதலில் வந்தது கே.கே. நகரிலிருந்து ஒரு பாங்க் அதிகாரி குடும்பம். புளியோதரை, ஃபிளாஸ்க், மடக்கு நாற்காலி எல்லாம் இறங்கின. நான் குரலைத் தாழ்த்தி, எது ஆண், எது பெண், எது அடைகாக்கிறது என்று அரை மணி நேரம் சொன்னேன். மரம் தெரியாத அளவுக்கு நாரை உட்கார்ந்திருந்தது. அந்த அம்மாள் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து என்னிடம் கேட்டார்: “ஏங்க, இதெல்லாம் எத்தனை மணிக்கு ஆரம்பிக்கும்?”

வாழைப்பழத் தோல்

அடுத்து ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. உலகத்தில் பாதிக் காடுகளைப் பார்த்தவர்களாம். போன இடத்தில் காலடித் தடத்தைத் தவிர வேறு எதையும் விட்டுவிட்டு வருவதில்லை என்றார்கள். இப்படி நடந்துகொள்கிறவர்களை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மனசுக்குள் மரியாதை வந்தது. வாழைப்பழம் தின்றார்கள். தோலைக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள்.

கண்மாய்க் காவலுக்கு ஊர் வைத்திருந்த ஒச்சப்பன் இதைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மெல்ல என் பக்கத்தில் வந்தார். “ஏண்ணே, அவுக ஊர்ல ஆடு மாடே கெடையாதா? அம்புட்டுத் தோலையும் இங்கன போட்டா என் வெள்ளாடு தின்னுட்டுப் போகுமே.”

ஒரு காரணம்

அதே தம்பதியில் அந்த அம்மாள், இந்த ஊர்க்காரர்கள் பறவைகளை ஏன் காப்பாற்றுகிறார்கள் என்று கேட்டார். என் ஆங்கிலம் மில்லில் கொடுத்த மெமோக்களைப் படித்துப் பழகியது; அதை வைத்துக் கேள்வியைப் புரிந்துகொண்டு ஒச்சப்பனிடம் கேட்டேன். எச்சம் விழுந்த தண்ணீர் பாய்ந்தால் வயலுக்கு யூரியா வேண்டாம் என்றார் அவர். அந்த அம்மாள் பேனாவைத் திறந்தபடியே காத்திருந்தார். வேறு காரணம், மனசு சம்பந்தமாக ஏதாவது உண்டா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். ஒச்சப்பன் வயல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். “ஏன், இது பத்தாதாமா?”

முதலாளி கேட்ட நோட்டீஸ்

பள்ளிக்கூடத்தில் நான் படித்தது ஐந்தாவது வரை. மீதியெல்லாம் துண்டுப் பிரசுரங்களில் படித்தது. அது தெரிந்து, பறவைச் சுற்றுலாவுக்கு ஒரு நோட்டீஸ் எழுதித் தரும்படி டிராவல்ஸ் முதலாளி கேட்டார். ராப்பகலாக எழுதினேன். ‘பொதுமக்களே! பறவைகள் உங்கள் பொழுதுபோக்குக்காக முட்டையிடவில்லை. கூச்சலை ஒழிப்போம்! குப்பையை ஒழிப்போம்! கல்லெடுக்கும் கையைக் கண்டிப்போம்!’ என்று தொடங்கி ஒன்பது கோரிக்கைகள். முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தார். “ஏம்ப்பா, இதைப் படிச்சா டூர் வரத் தோணலையே, ஸ்ட்ரைக் பண்ணத்தான தோணுது!”

கையில் இருந்த கல்

தை மாதம் ஓர் அரசு அதிகாரி புதுக் கேமராவோடு வந்தார். உட்கார்ந்திருக்கும் பறவை அவருக்கு வேண்டாம். பறக்கும் பறவைதான் வேண்டும். பொறுமையாக இருங்கள் என்றேன். நான் ஒச்சப்பனோடு பேசிக்கொண்டிருந்த நேரம், கரையோரமாக நூறு அடி தள்ளிப் போனவர் குனிந்து ஒரு கல்லை எடுத்தார். கையை ஓங்கினார். ஓடிப்போய்ப் பிடிக்க முடியாத தூரம். “போடு கீழே!” என்று கத்தினேன். மைக் இல்லாமல் தெருமுனைக் கூட்டம் பேசிய தொண்டை அது.

கல் அவர் கையிலேயே இருந்தது. பறவைகள்தான் இல்லை. மரம் மரமாக எழுந்து வானத்தை மறைத்தன. அவை வட்டமடித்துத் திரும்புவதற்குள் காக்கைகள் கூடுகளில் இறங்கிவிட்டன. ஒச்சப்பன் தலைத்துண்டை வீசிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் ஓடினார். உடைந்த முட்டைகள் அவரைச் சுற்றி விழுந்தன. அதிகாரி மூச்சு விடாமல் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் மந்தையில் ஊர் கூடியது. என் மேல் வந்த எந்தக் குற்றச்சாட்டுக்கும் நான் பதில் சொல்லாமல் விட்டதில்லை. அன்றைக்கும் மூன்று வாதங்கள் வைத்திருந்தேன். ஒச்சப்பன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “அண்ணே, கல்லுக்குக் கெளம்புச்சா, ஒங்க சத்தத்துக்குக் கெளம்புச்சா?” என் மூன்று வாதங்களும் கல்லைப் பற்றியவை. நான் யாரைத் தடுத்தேனோ அவரே சாட்சி சொல்ல முன்னால் வந்தார். “இவர்தாங்க கத்தினார், நான் எறியவே இல்லை. வேணும்னா போட்டோ கழுவி அனுப்புறேன், எல்லாரும் பாருங்க!”

எத்தனையோ விசாரணைகளில் நின்ற எனக்கு, வேலையைப் பறித்தாலும் நியாயமாகப் பறித்த ஒரே தீர்ப்பு, ஊரே சாட்சியாக நிற்க இப்படித்தான் வாசிக்கப்பட்டது: “மதுரை செல்லூர், கருப்பையா மகன் சோமசுந்தரம்.”