தொப்பையாற்றங்கரையில் ஒரு வீடியோ லைன்

1. கடைக்கு வந்த போன்

"எங்க தோப்புல ஒரு வண்டி வூடு நிக்குதுங்க. அதுல புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரு. ரெண்டு பேத்துக்குமே காது கேக்காது, பேச்சும் வராது. அவங்களுக்குப் போன் லைன் சரியா வரலீங்க. ஒரு ஆளை அனுப்புங்க."

தொப்பையாறு அணைப் பக்கமிருந்து மாதையன் என்ற விவசாயி பேசினார். கடை முதலாளி கவிதா போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். பேசி முடித்ததும் என்னைப் பார்த்து, "காது கேக்காதவங்களுக்குப் போன் லைனாம்ண்ணா. யாரோ வெளையாட்றாங்க" என்றார்.

எனக்கும் புரியவில்லை. செல்போன் டவர்களில் ஏறி இறங்கியே என் பாதி வாழ்க்கை போனது. முழங்கால் ஒத்துழைக்காமல் போன பிறகுதான் தர்மபுரியில் கவிதாவின் கடைக்கு வேலைக்கு வந்தேன். பண்ணை வீடுகள், கல்குவாரி ஆபீஸ்கள், இப்போது கேரவன் என்கிற வண்டி வீடுகள் என்று சிக்னல் எட்டாத இடங்களுக்கு இன்டர்நெட் கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் வேலை. ஒகேனக்கல், வத்தல்மலை என்று கேரவனில் வருகிறவர்கள் ஆபீஸ் மீட்டிங்குக்கும் கிரிக்கெட்டுக்கும்தான் எங்களைக் கூப்பிடுவார்கள்.

மாதையன் மறுபடியும் கூப்பிட்டார். "பொய்யில்லீங்க. அந்தம்மா சோறு தண்ணி எறங்காம ஒக்காந்திருக்குதுங்க. பொண்ணு வெளிநாட்டுல ஆஸ்பத்திரில கெடக்குதாம்."

சாமான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

2. தோப்பில் நின்ற வண்டி

பழைய டெம்போ டிராவலர் ஒன்றைக் கட்டில், அடுப்பு, குளிக்கும் அறை எல்லாம் வைத்து வீடாக மாற்றியிருந்தார்கள். தென்னந்தோப்பின் ஓரத்தில் நின்றது. தொப்பூர் கணவாய் இறங்கியதும் கிளட்ச் போய்விட்டதாம். மெக்கானிக் பார்த்துவிட்டு, பார்ட்ஸ் வெளியூரிலிருந்து வர வேண்டும், நாளாகும் என்று சொல்லியிருக்கிறார். மாதையன்தான் டிராக்டர் கட்டி இழுத்துவந்து தன் தோப்பில் நிறுத்த இடம் கொடுத்தவர்.

வண்டிக்காரர் பெயர் அந்தோணி. கம்பைநல்லூர்ப் பக்கத்துக்காரர், ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி லூர்து. அந்தோணி நான் பேசும்போது என் உதட்டையே பார்த்தார். பதிலைத் தன் போனில் தமிழில் டைப் செய்து காட்டினார்.

அவர் டைப் செய்ததிலிருந்து எனக்குத் தெரிந்தது இது. ஒரே மகள் ஜெனிட்டாவுக்குக் காது கேட்கும், பேச்சும் உண்டு. சின்ன வயதிலிருந்தே ரேஷன் கடையிலும் பேங்கிலும் டாக்டரிடமும் அப்பா அம்மாவுக்காகப் பேசியவள் அவள்தான். கல்யாணமாகி மஸ்கட்டில் இருக்கிறாள். கர்ப்பம், ஏழாம் மாதம். ரத்த அழுத்தம் ஏறி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். எப்போது வேண்டுமானாலும் ஆபரேசன் ஆகலாம்.

"மெசேஜ் வருதுங்களா?" என்று கேட்டேன்.

"எனக்கு வருது. நான் படிப்பேன். லூர்து பள்ளிக்கூடம் போகல. அவளுக்கு எழுத்து தெரியாது. கையால பேசினாத்தான் புரியும். அதுக்கு வீடியோ வேணும்" என்று டைப் செய்தார்.

அப்போதுதான் கடையில் எங்களுக்குப் புரியாதது புரிந்தது. மற்றவர்களுக்கு வீடியோ கால் ஒரு வசதி. லூர்துக்கு அதுதான் மகளின் குரல்.

மாதையன் அவர்களை ஒருமுறை ஆட்டோவில் ஏற்றி ஹைவேக்குக் கூட்டிப்போயிருக்கிறார். "அங்க டவர் நல்லா எடுக்குதுங்க. ஆனா அந்தப் பொண்ணு எப்போ கூப்புடும்னு தெரியாதே. லாரி போற காத்துல, வெயில்ல, எவ்ளோ நேரம்தான் நிப்பாங்க? இவங்க கைய ஆட்டிப் பேசறதப் பாத்துட்டு ஓட்டல்ல சாப்புட வந்தவனெல்லாம் சுத்தி நின்னுக்கிட்டான். அந்தம்மா போலாம்னு என் சட்டையப் புடிச்சு இழுத்துடுச்சு."

ஆக, லைன் வண்டிக்குள் வந்தாக வேண்டும்.

3. மலைக்குப் பின்னால் டவர்

கேரவனில் சிக்னல் வேலைக்குப் போனால் முதலில் வண்டிக்குள் உட்காரக் கூடாது. வெளியே நடக்க வேண்டும். வண்டியின் தகரமே பாதி சிக்னலைத் தின்றுவிடும். நான் டெஸ்ட் ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு தோப்பு முழுக்க நடந்தேன். ஹைவே டவர் கிட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் நடுவில் மலை. சிதறி வருகிற சிக்னல்தான் வண்டிக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. போன் திரையின் மேலே கட்டைக் கணக்கில் பார்த்தால் மூன்று கட்டை காட்டும். டேட்டா நகராது.

வண்டிக் கூரையில் சிக்னலைக் கூட்டுகிற பூஸ்டர் ஒன்று இருந்தது. யாரோ சொல்லி அந்தோணி ஆன்லைனில் வாங்கி மாட்டியிருக்கிறார். இந்த பூஸ்டரை அனுமதியில்லாமல் மாட்டுவது சட்டப்படி தப்பு. வெளி ஆன்டெனாவும் உள் ஆன்டெனாவும் ஒரே கூரைக்கு மேலும் கீழும் இருந்ததால், தான் விட்ட சிக்னலைத் தானே வாங்கி இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலில் சுற்று வட்டாரத்தில் மற்றவர்கள் போனும் கெடும். அதைக் கழற்றிக் கையில் கொடுத்தேன். அந்தோணியின் முகம் சுருங்கியது.

"இருக்கறதையும் எடுத்துட்டா?" என்று டைப் செய்தார்.

"இதால வந்ததைவிடக் கெட்டதுதாங்க அதிகம்" என்று மெதுவாக, உதடு தெரியும்படி சொன்னேன்.

தோப்பின் கிழக்கு வரப்பில் நின்றபோது ஆப்பில் இன்னொரு டவர் தெரிந்தது. நல்லம்பள்ளிப் பக்கம், தூரம் அதிகம். ஆனால் நடுவில் அணைத் தண்ணீரும் வெட்டவெளியும்தான். மறைப்பு இல்லை. இரைச்சல் குறைவு. கிட்டத்தில் மலைக்குப் பின்னால் இருக்கிற டவரைவிட, தூரத்தில் நேராகத் தெரிகிற டவர் மேல். அதைப் பிடிப்பது என்று முடிவு செய்தேன்.

வரப்பில் ஒரு நீட்டுக் கம்பம் நிறுத்தி, உச்சியில் திசை பார்த்து வாங்கும் பேனல் ஆன்டெனாவைக் கட்டினேன். தென்னை மரத்திலேயே கட்டலாமே என்று மாதையன் கேட்டார். மரம் காற்றில் ஆடும், ஆன்டெனா முகம் திரும்பிவிடும். கம்பத்தை நாலு பக்கமும் இழுப்புக் கயிறு கட்டி முளையடித்தேன். ஆன்டெனா வயரை வண்டிவரை நீளமாக இழுத்தால் வழியிலேயே சிக்னல் கரைந்துவிடும். அதனால் சிம் போடும் ரவுட்டரை மழை படாத பெட்டியில் வைத்துக் கம்பத்திலேயே மாட்டினேன். அங்கிருந்து வண்டிக்கு ஒரு நெட்வொர்க் கேபிள் மட்டும். ரவுட்டருக்குக் கரண்டும் அதிலேயே போகும்.

ஸ்பீட் டெஸ்ட் நன்றாக வந்தது. எனக்குத் திருப்தி. லூர்துவின் போனை அவரிடம் கொடுத்து, மகளைக் கூப்பிடும்படி சைகை காட்டினேன்.

4. விரல்கள்

ஜெனிட்டா திரையில் வந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டில், வீங்கிய முகம். லூர்து படபடவென்று கையால் பேசினார். மகள் பதில் சொன்னாள். சற்று நேரத்தில் லூர்து என்னைப் பார்த்து இல்லை என்று தலையை ஆட்டினார்.

எனக்குப் படம் நன்றாகத்தான் தெரிந்தது. அந்தோணி டைப் செய்தார்: "முகம் வருது. கை வரல. விரல் மடக்கறதுக்குள்ள அடுத்த வார்த்தை வந்துடுது. நடுவுல இருக்கறது தெரியல. இங்கேருந்து போறது அவளுக்கு இன்னும் மோசமாம்."

இத்தனை வருடத்தில் இப்படி ஒரு குறை கேட்டதில்லை. படம் மங்கலாக இருக்கிறது என்பார்கள், குரல் விட்டுவிட்டு வருகிறது என்பார்கள். கை வரவில்லை என்று யாரும் சொன்னதில்லை.

இங்கிருந்து போவது மோசம் என்றால் அப்லோடில் ஏதோ அடைக்கிறது. அந்தோணியின் போனை வாங்கிப் பார்த்தேன். போகும் வழியெல்லாம் எடுத்த போட்டோக்களும் வீடியோக்களும் தானாகவே இன்டர்நெட்டில் ஏறிக்கொண்டிருந்தன. நல்ல லைன் கிடைத்ததும் மொத்தமாகக் கிளம்பிவிட்டன. அதை நிறுத்தினேன். பிறகு வீடியோ காலின் தரத்தைக் குறைத்தேன். படம் பளிச்சென்று இருக்க வேண்டியதில்லை, தடங்கல் இல்லாமல் ஓடினால் போதும்.

அப்படியும் லூர்துவின் விரல்கள் மகளுக்குப் புகைபோலத் தெரிவதாக அந்தோணி டைப் செய்தார். வெளியே மேகமூட்டம். வண்டிக்குள் மங்கிய வெளிச்சம். வெளிச்சம் குறைந்தால் போன் கேமரா படங்களை மெதுவாகப் பிடிக்கும், அசைவு இழுபடும். கூரை விளக்கைக் கழற்றி லூர்துவின் முகத்துக்கு நேரே கட்டினேன். பின்னால் பூப்போட்ட திரை தொங்கியது. அதை எடுத்துவிட்டு மாதையன் வீட்டிலிருந்து ஒரு வெள்ளை வேட்டி வாங்கிக் கட்டினோம்.

மறுபடி கூப்பிட்டார்கள். லூர்து பேசினார். அந்தப் பக்கம் ஜெனிட்டா சிரித்தாள். லூர்து என் பக்கம் திரும்பவே இல்லை. வேலை முடிந்தது என்று தெரிந்துகொண்டேன்.

5. காற்று

ஆடிக் காற்று. அடுத்தடுத்து மழை. ஒருநாள் காலையில் அந்தோணியிடமிருந்து மெசேஜ்: "கம்பம் சாஞ்சிடுச்சு. ஜெனிட்டாவை ஆபரேசனுக்குக் கொண்டு போய்ட்டாங்க. சீக்கிரம் வாங்க."

நான் போய்ச் சேர்ந்தபோது முளைகள் ஈர மண்ணிலிருந்து பிடுங்கிக்கொண்டு கிடந்தன. அந்தோணி வண்டிக்கு வெளியே நின்றிருந்தார். போனை என்னிடம் நீட்டினார். மருமகன் அனுப்பியிருந்தான். "ஆபரேசன் முடிந்தது. ஜெனிட்டா நலம். அம்மாவிடம் அவளே பேசுவாள். நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம் என்கிறாள்."

"குழந்தை?" என்று கேட்டேன்.

அவர் போனைத் திரும்பவும் என் முகத்துக்கு நேராகக் காட்டினார். அதே வரிகள். வேறு எதுவும் இல்லை. பிறகு வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். உள்ளே லூர்து ஜன்னல் வழியாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாதையனைக் கூப்பிட்டுக்கொண்டு கம்பத்தைத் தூக்கினேன். ஆன்டெனாவை மெல்லத் திருப்பித் திருப்பி டவருக்கு நேராகக் கொண்டுவந்தேன். லைன் கிடைத்தது. புது முளை அடிக்கவேண்டியதுதான் பாக்கி. அப்போது வண்டிக்குள் சிவப்பு விளக்கு மின்னியது. காது கேளாதவர்கள் வீட்டில் போன் வந்தால் மணி அடிக்காது, விளக்கு மின்னும்.

"முளையடிக்கலாமாங்க?" என்றார் மாதையன்.

"விட்டா ஆன்டெனா திரும்பிடுங்க. அப்படியே புடிச்சுக்குங்க."

இருவரும் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றோம். அணைப் பக்கமிருந்து காற்று தள்ளியது. கம்பம் எங்கள் தோளில் அழுந்தியது. வண்டிக் கதவு திறந்தே இருந்ததால் உள்ளே நடப்பது தெரிந்தது.

லூர்து திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். முதலில் அவர்தான் வேகமாகக் கேட்டார். பிறகு அவர் கைகள் மடியில் இறங்கின. மகள் பேசுகிறாள் என்று தெரிந்தது. என்ன பேசினாள் என்று நான் பார்க்கவில்லை. போன் திரை எனக்குத் தெரியாத பக்கம் இருந்தது. லூர்துவின் முகம் மட்டும் தெரிந்தது. அது மெல்ல மெல்ல மாறியது. ஒரு கட்டத்தில் அவர் இரண்டு கைகளையும் சேர்த்துக் குழந்தையை ஏந்துவதுபோல வைத்து, கேள்வியாகத் திரையைப் பார்த்தார். அந்த ஒரு வார்த்தை மட்டும் எனக்குப் புரிந்தது. பதில் வந்திருக்க வேண்டும். ஏந்திய கைகள் அப்படியே நின்றன.

அந்தோணி உள்ளே போய் மனைவியின் பின்னால் நின்றார். தொடவில்லை. தொட்டால் அவர் திரும்பிவிடுவார், மகள் சொல்வது விட்டுப்போகும் என்று நினைத்திருப்பார்.

வெகுநேரம் கழித்து லூர்துவின் கைகள் மேலே வந்தன. இந்த முறை அவை மெதுவாகப் பேசின. ஒவ்வொரு விரலாக, அவசரமில்லாமல். அழவில்லை. மகள் அழுதிருப்பாள். லூர்து பேசிக்கொண்டே இருந்தார்.

"கை மரத்துப் போச்சுங்க" என்று மாதையன் முனகினார்.

"எனக்கும்தான். வுட்றாதீங்க."

"வுடமாட்டங்க."

வீடியோ கால் முடிந்த பிறகும் நாங்கள் கொஞ்சநேரம் கம்பத்தை விடவில்லை. அந்தோணி வெளியே வந்தார். எங்களைப் பார்த்த பிறகுதான் நாங்கள் இவ்வளவு நேரமும் அப்படியே நின்றிருந்தது அவருக்குத் தெரிந்தது. போனை எடுத்து டைப் செய்தார். அழித்து அழித்து எழுதினார்.

"பையன். உயிரில்லாம பொறந்தான். அவளே அம்மாகிட்ட சொல்லணும்னு இருந்தா. வேற யாரும் சொல்ல முடியாது. நாளைக்கும் கூப்பிடுவா. இனி தினமும் கூப்பிடுவா. கம்பம் நிக்கணும்."

மாதையன் மாட்டுக்கொட்டாய்க்கு வாங்கி மிச்சம் வைத்திருந்த சிமெண்டைக் கொண்டுவந்தார். குழி தோண்டி, இரும்பு ஆங்கிளை இறக்கி, காரை போட்டோம். அது இறுகும்வரை கம்பத்துக்கு நாலு பக்கமும் மூங்கில் முட்டுக் கொடுத்தோம்.

6. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு

கடைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் கவிதா இப்போது முதலில் சொல்வது, "ஸ்பீட் டெஸ்ட் போட்டோவ அனுப்பிட்டு வந்துடாதீங்க" என்பதுதான். மீட்டரில் வருகிற நம்பர் நமக்கு. லைனில் எது போகப்போகிறது என்பது வாடிக்கையாளருக்குத்தான் தெரியும். ஒருவருக்குக் குரல், ஒருவருக்குப் படம், லூர்துக்கு விரல். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே ஆன்டெனாவை எடுக்க வேண்டும். எதற்கு என்று தெரியாமல் போட்ட லைன் எவ்வளவு வேகமாக ஓடினாலும் பாதி வேலைதான்.

கிளட்ச் பார்ட்ஸ் வந்து வண்டி ஓடத் தொடங்கியபோது, கம்பத்தைக் கழற்றி வண்டியில் ஏற்றி, போகிற இடத்தில் அதை எப்படி நிறுத்துவது, டவரை எப்படித் தேடுவது என்று அந்தோணிக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்பினேன். இப்போதும் புது இடத்தில் வண்டியை நிறுத்தினால் எனக்கு ஒரு போட்டோ அனுப்புவார். அதில் சிக்னல் அளவு எதுவும் இருக்காது. போன் திரையில் ஜெனிட்டாவின் கை இருக்கும், அஞ்சு விரலும் தெளிவாக.