சபூரா யாருடைய செட்டு?

சபூரா டீச்சர் இறந்த செய்தி உங்கள் எல்லோருக்கும் கிடைத்த பிறகுதான் எனக்குக் கிடைத்தது. பள்ளிக்குக் கிளம்பி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லா அழைத்தாள். "டீச்சர், பத்தமடைக்கு எங்க கூட வாரியளா, தனியா வந்திருவியளா?" என்றாள். எதற்கு என்று கேட்டேன். "அய்யோ, உங்களுக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன். எங்க ரயில் செட்டு குரூப்புல விடியக்காலமே போட்டுட்டாங்களே!"

அழுகைக்கு முன்னால் எனக்குப் பொறாமைதான் வந்தது. சபூராவும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஆசிரியர் அறையில் அவள் நாற்காலிக்கு அடுத்தது என் நாற்காலி. அவள் போய்விட்டாள் என்பதை ரயிலில் கூட வருகிறவர்கள் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஸ்டெல்லா உவரியில் பிறந்து வீரவநல்லூரில் வாழ்க்கைப்பட்டவள். திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் வரும் ரயிலில்தான் சபூராவும் எங்கள் பள்ளிக்கு வர, பத்தமடையிலிருந்து வந்து சேரன்மகாதேவியில் ஏறுவாள். அந்தப் பெட்டியில் தினமும் வருகிறவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் 'ரயில் செட்டு'. இதை எழுதச் சொன்னதும் ஸ்டெல்லாதான். வாசிக்கப் போகிறவர்களில் பாதிப் பேர் ரயில் செட்டுக்காரர்களான நீங்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

உங்களுக்குத் தெரியாத சபூரா ஒருத்தி வகுப்பறையில் இருந்தாள். அவள் ஆங்கிலம், நான் வரலாறு. எங்கள் வகுப்புகளுக்கு நடுவே ஒரு மரத் தட்டிதான் மறைப்பு. ஒரு நாள் நான் சோழர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் பிள்ளைகள் அத்தனை பேரின் காதும் தட்டியின் மேலே இருந்தது. அந்தப் பக்கம் சபூரா 'செட்' என்ற சொல்லை நடத்திக்கொண்டிருந்தாள்.

"எங்கெங்க கேட்டிருக்கிய, சொல்லுங்க" என்றாள். மைக் செட்டு, பேண்டு செட்டு, கம்மல் செட்டு, செட் தோசை என்று பிள்ளைகள் கத்தினார்கள். "எங்க அக்காவும் ஒங்க அக்காவும் ஒரே செட்டு" என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னாள். "இவளுக்கும் எனக்கும் செட்டே ஆகாது டீச்சர்" என்று ஒரு குரல் வர, வகுப்பு முழுக்கச் சிரிப்பு. என் வகுப்பும் சேர்ந்து சிரித்தது.

சபூரா அகராதியை எடுத்து வாசித்தாள். சாமான்கள் ஒன்றுக்கொன்று பொருந்திச் சேர்ந்திருந்தால் அந்தச் சொல். ஒரே போக்கில் பழகுகிற ஆட்களுக்கும் அதுவே. கணக்கில் வரும் கணத்துக்கும் அதே பெயர். சூரியன் மறைவதும் சிமெண்டு இறுகுவதும்கூட அதுதான். ஒரு பெண் பயந்துபோய், "இத்தன அர்த்தத்தையும் எப்படி டீச்சர் மனப்பாடம் பண்ண?" என்று கேட்டாள்.

"மனப்பாடம் பண்ணாத பிள்ள. அது யாரு கூட நிக்கிதுன்னு பாரு. பக்கத்துல நிக்கிற சொல்லு அதுக்கு அர்த்தம் குடுத்திரும்" என்றாள் சபூரா.

மணி அடிக்கும் வரை என் சோழர்களை யாரும் சீண்டவில்லை. நான் எத்தனை வருஷம் நடத்தினாலும் என் வாயில் அப்படி ஒரு வாக்கியம் வராது என்று எனக்குத் தெரிந்தது. மதியச் சாப்பாட்டின்போது சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்: "அப்ப நீயும் நானும் ஒரு செட்டுதானேட்டி?"

"ரெண்டு பேருன்னா ஜோடி. செட்டுன்னா இன்னும் ஆளு வேணும்லா" என்று சொல்லிவிட்டு என் டப்பாவிலிருந்த கூட்டை எடுத்துக்கொண்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த 'இன்னும் ஆட்களை' ஒரு மாலையில் பார்த்தேன். நோன்பு திறக்க வீட்டுக்கு வா என்று அவள் கூப்பிட்டிருந்தாள். ரயிலில் ஏறியதும், "டீச்சர் நம்ம விருந்தாளில்லா, ஜன்னலோரத்த அவங்களுக்குக் குடுங்க" என்றாள் ஸ்டெல்லா. எல்லோரும் உடனே நகர்ந்து இடம் தந்தீர்கள். எதிரே மூன்று பேர் உட்காரும் இருக்கையில் ஐந்து பேராக நெருக்கிக்கொண்டு, ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து, எனக்குப் புரியாத ஏதோ ஒரு பழைய கதைக்கு விழுந்து விழுந்து சிரித்தீர்கள். சபூரா அந்த நெரிசலின் நடுவில் இருந்தாள். நான் காற்றோட்டமாக உட்கார்ந்து வயலைப் பார்த்துக்கொண்டு போனேன். அந்த நெரிசலுக்குள் எனக்கு இடம் கேட்கத் தெரியவில்லை.

அவளுக்கு நோய் என்பதும் எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது. அதற்குள் ஸ்டெல்லா டாக்டரைப் பார்க்க ஏற்பாடு செய்து, சிகிச்சையும் தொடங்கியிருந்தது. பள்ளி சைக்கிள் கொட்டகைப் பக்கம் அவளை நிறுத்திக் கேட்டேன்.

"எங்கிட்ட ஏம்ட்டி சொல்லல?"

"சொன்னா நீ அழுவ. நான் உக்காந்து உன்னத் தேத்தணும். அவளுவகிட்ட சொன்னா ஒருத்தி சோறு கொண்டு வாரா, ஒருத்தி கூட வாரா."

"அப்ப நான் எதுக்கு?"

"ஏளா, என் ஒடம்புக்கு வந்தத வச்சு நீ யாரு பெருசுன்னு பாக்கியா?" என்று கத்தினாள். சைக்கிள் எடுக்க வந்த பிள்ளைகள் திகைத்து நின்றார்கள். அவள் சொன்னது உண்மை என்பதால் எனக்கு இன்னும் கோபம் வந்தது. பல நாட்கள் இருவரும் பேசவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே பேசவில்லை.

அடக்கத்தன்று பத்தமடையில் அவள் வீடு நிறையப் பெண்கள். அவள் மகள் நஸ்ரின் என்னைப் பார்த்ததும், "சாச்சி, உம்மா போயிட்டாங்க" என்று கட்டிக்கொண்டாள். சாச்சி என்றால் அவர்கள் வீட்டில் சித்தி. நெஞ்சு நிறைந்தது. அடுத்த நிமிஷம் ஸ்டெல்லாவையும் அவள் சாச்சி என்றே கூப்பிட்டு அழுதாள். அந்த வேளையிலும் எனக்குச் சுருக்கென்றது. மறைக்கவில்லை.

அதன் பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள். அவள் தெருப் பெண்கள், கூடப் படித்தவர்கள், ரயிலில் வருகிறவர்கள். எல்லோரும், "அவ எங்க செட்டு" என்றுதான் ஆரம்பித்தார்கள். நான் தூணோரம் நின்றிருந்தேன். ஸ்டெல்லா என் பக்கத்தில் வந்தாள்.

"டீச்சர், உங்ககிட்ட மட்டும் சண்ட போடுவாங்களாமே, நெசமா? எங்ககிட்ட கடைசி வரைக்கும் சிரிச்ச மொகந்தான். ஊசி போட்டுட்டு வாந்தி எடுத்த அன்னைக்கும் சிரிச்சாங்க. ஒருநாளாவது எங்கள ஏசியிருந்தா நல்லா இருந்திருக்கும்."

அவள் குரலில் இருந்த பொறாமை எனக்கு நன்றாகத் தெரிந்த சங்கதி. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அந்த நாள் முழுவதிலும் எனக்கு ஆறுதல் தந்தது அது ஒன்றுதான்.

சபூராவின் சிரிக்காத முகத்தை நான் பார்த்திருந்தேன். போன மாதம் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். நீங்கள் எல்லோரும் வந்து பேசிவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தீர்கள். வாசல் வரை கேட்கும்படி ஏதோ கிண்டல் செய்து உங்களை அனுப்பினாள். கடைசிச் செருப்புச் சத்தமும் அடங்கியதும் அவள் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது.

"அந்தக் கதவச் சாத்து" என்றாள். சாத்தினேன். "எல்லாரும் நல்லாயிரும் நல்லாயிரும்னு சொல்லிட்டுப் போறாளுவ. நீயும் அதச் சொன்னேன்னா இந்தப் பக்கம் வந்திராத."

"சொல்லல."

"அழவும் கூடாது."

"அழல."

பிறகு என் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "பயமா இருக்குட்டி" என்றாள்.

அவளுடைய சிரிப்பு, கிண்டல், இங்கே நான் சொன்ன வகுப்பறைக் கதை எல்லாம் உங்களிடம் இருக்கின்றன. வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு சொல்லையும் இதோ எழுதிவிட்டேன். ஆனால் நான் இதை முதலில் சொன்னபோது, அப்போது அவள் குரல் எப்படி இருந்தது என்று நஸ்ரின் கேட்டாள், ஸ்டெல்லாவும் கேட்டாள். அதை மட்டும் நான் யாருக்கும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.