நீலக்கரை விரிப்பு

காலையில் பிரிப்பு, பிற்பகலில் மடிப்பு. பத்தொன்பது வருஷமாக அவளுடைய பகல் இந்த இரண்டில்தான் ஓடுகிறது. பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத சலவைக்கூடத்தில், சூடு ஆறாத படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளை அவள் பிடித்துக்கொள்வாள். மற்ற இரண்டு முனைகளை எதிரில் நிற்பவள் பிடித்துக்கொள்வாள். உதறுவார்கள், நெருங்குவார்கள், விலகுவார்கள், திரும்ப நெருங்குவார்கள். "கட்டினவன்கிட்டகூட இத்தனை தடவை கிட்ட போய் நின்னதில்ல" என்று எதிரில் நிற்பவள் வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்வாள். இவளும் சிரித்து வைப்பாள். இப்போதெல்லாம் சிரித்தால் இடுப்பு வலிக்கிறது.

ஆஸ்பத்திரி முழுக்க அவளுக்கு மடிப்பக்கா என்றுதான் பெயர்.

தான் பெற்ற இரண்டைத் தவிர வேறு எந்தப் பிரசவத்தையும் அவள் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் மூன்றாவது மாடிப் பிரசவ வார்டில் என்ன நடந்தது என்பது காலையில் மூட்டையை அவிழ்த்ததும் கைக்குத் தெரிந்துவிடும். இது சீக்கிரம் முடிந்தது, இது விடிய விடிய இழுத்தது, இது கத்தி வைத்தது. சுகப்பிரசவம் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம், அதில் சுகத்தைச் சேர்த்தவன் ஆம்பளையாகத்தான் இருக்க வேண்டும், அதுவும் ஒரு நாளும் துணி துவைக்காத ஆம்பளை என்று நினைத்துக்கொள்வாள்.

இப்போது அவளுடைய சின்ன மகளுக்கு எட்டாவது மாதம். கண்ணாடிக் கடையில் பவர் பார்த்து எழுதுகிற வேலை. மகளுடைய நாத்தனாருக்குப் பெரிய ஆஸ்பத்திரியில்தான் பிள்ளை பிறந்தது. மல்லாக்கப் படுக்க வைத்து, கையில் ஊசியைக் குத்தி, எட்டு மணி நேரம் அசையவிடவில்லை. கடைசியில் எதற்கு வெட்டினார்கள் என்று இன்றைக்கு வரைக்கும் ஒருவரும் சொல்லவில்லை. அதைக் கேட்டதிலிருந்து மகள் ஒரே பிடியாக இருந்தாள். ஊசி மருந்து இல்லாமல், தானாக வலி வந்து, தானாகப் பெறவேண்டும். அதற்கு ஓர் இடமும் பார்த்து வைத்திருந்தாள். நான்கே அறைகள் கொண்ட பிரசவ இல்லம். இரண்டு மருத்துவச்சிகள். நடக்கலாம், உட்காரலாம், புருஷன் பக்கத்தில் இருக்கலாம். ஏதாவது ஆனால் வண்டியில் கால் மணி நேரத்தில் பெரிய ஆஸ்பத்திரி. சனிக்கிழமை மத்தியானத்துக்குள் பெயர் கொடுக்க வேண்டும், அதற்கு மேல் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

மடிப்பக்கா மகளிடம் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. அந்த இல்லத்துத் துணியும் மூன்று வருஷமாக இவளிடம்தான் சலவைக்கு வருகிறது. ஓரத்தில் நீலக்கரை போட்ட விரிப்புகள். அழுக்கையும் மடித்து அனுப்புகிறவர்கள் அவர்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் மரியாதையே உண்டு. ஆனால் நான்கு தடவை, நீலக்கரை விரிப்பு இல்லத்து மூட்டையில் வராமல் மூன்றாவது மாடி மூட்டையில் வந்தது. அப்படி வந்தால் ஒரே அர்த்தம்தான். அதில் படுத்திருந்தவளை அவசர அவசரமாக விரிப்போடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

நான்காவது, இந்தப் புதன்கிழமை வந்தது.

வியாழக்கிழமை, வேலை நடுவில், அவள் மேலே போனாள். மூன்றாவது மாடி சிஸ்டர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே பதில் சொன்னாள். அந்தப் பொண்ணா, நல்லா இருக்கா, பிள்ளையும் நல்லா இருக்கு, நாளைக்கு வீட்டுக்குப் போறாங்க. அதற்கு முன்னால் வந்த மூன்று பேரைப் பற்றிக் கேட்டாள். தான் இந்த மாடிக்கு மாற்றலாகி நாலு மாசம்தான் ஆகிறது என்றாள் சிஸ்டர். பெயர் இருந்தால் தேடலாமாம். மடிப்பக்காவுக்குத் துணிதான் தெரியும், பெயர் தெரியாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாளியில் வெந்நீர் ஊற்றிக் காலை வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தபோது மகள் கடையிலிருந்து நேராக வந்தாள். கட்டிலில் சாய்ந்து, தலையணை மேல் காலைத் தூக்கிப் போட்டாள். இரண்டு பேருக்கும் கால் வீங்கித்தான் இருந்தது.

மாப்பிள்ளை என்ன சொல்றார் என்று தாய் கேட்டாள்.

"அவருக்கென்ன, கடைசியா யார் பேசுறாங்களோ அவங்க கட்சி. நேத்து என் கட்சி. காலையில அவங்கம்மா போன் பண்ணாங்க, கட்சி மாறிட்டாரு."

தலையணை மேல் காலை மாற்றிப் போட்டுக்கொண்டு மகள் சொன்னாள். "நீ சொல்லும்மா. நாளைக்குப் பேர் குடுக்கணும். நீ வேணாம்னா வேணாம்."

இதற்குத்தான் மடிப்பக்கா பயந்துகொண்டிருந்தாள். இருந்தாலும் சொல்லிவிட்டாள். நீலக்கரை, மூன்று வருஷம், நான்கு விரிப்பு, புதன்கிழமைப் பெண், சிஸ்டர் சொன்னது எல்லாவற்றையும், கூட்டாமல் குறைக்காமல்.

மகள் அழவில்லை. கடையில் ஒருவர் கண்ணுக்கு மாற்றி மாற்றிக் கண்ணாடி வைத்துப் பார்ப்பவள் அல்லவா, அந்தப் பழக்கத்தில் கேட்டாள். "சரி, அங்கேருந்து நாலு. மூணாவது மாடியிலயே படுத்தவங்கள்ல இந்த மாதிரி அவசரமா தூக்கிட்டு ஓடினது எத்தனை பேரை?"

"அது எப்படிடி தெரியும்? அங்க எல்லாமே ஒரே வெள்ளை."

"அப்ப இவங்களோடது கரை இருக்கறதால உன் கண்ணுல படுது. அவங்களோடது கரை இல்லாததால படல. அவ்வளவுதானே?"

மூன்று வருஷமாக மடிப்பக்காவுக்கு இப்படித் தோன்றியதே இல்லை. வாளிக்குள் காலை அசைத்தாள்.

மற்ற மூன்று பேருக்கு என்ன ஆனது என்று மகள் கேட்டாள். தெரியாது என்றாள் தாய். இத்தனை நாள் ஏன் கேட்கவில்லை, மேலே போக லிஃப்ட் இருக்கிறதே என்றாள் மகள்.

லிஃப்ட் இருந்தது. முதல் தடவை அந்த விரிப்பு வந்தபோது பொத்தானைக்கூட அழுத்தினாள். கதவு திறந்தது, ஏறாமல் திரும்பிவிட்டாள். மடித்து அலமாரியில் வைத்துவிட்டால் துணி அங்கேயே கிடக்கும். தெரிந்துகொண்டால் அது கூடவே பஸ் ஏறி வீடு வரைக்கும் வரும். அன்றைக்கு அவளுக்கு அதைச் சுமக்கத் தெம்பில்லை. அடுத்த இரண்டு தடவையும் இல்லை. இதையெல்லாம் மகளிடம் எப்படிச் சொல்வது?

"இப்ப சொல்லு, எங்க போகட்டும்?"

"எங்க ஆஸ்பத்திரிக்கே வந்துடு" என்றாள் மடிப்பக்கா. வாயிலிருந்து அது வந்த வேகம் அவளுக்கே பிடிக்கவில்லை.

மகள் கட்டிலின் விளிம்பைப் பிடித்து மெல்ல எழுந்து உட்கார்ந்தாள்.

"வர்றேம்மா. ஆனா ஒண்ணு மட்டும் சொல்லு. இது நீ தெரிஞ்சு சொல்றியா, பயந்து சொல்றியா? பயந்து சொன்னாலும் கேட்டுக்கறேன். எதுன்னு தெரிஞ்சா போதும். அங்க படுக்கப்போறது நான்."

தெரிந்து என்று சொல்ல வாயெடுத்தாள், அது பொய். பயந்து என்றால், அந்தப் பயத்தையும் எட்டாம் மாதக்காரி தலையில் ஏற்றிவிட்ட மாதிரி ஆகும். துண்டை எடுத்து ஒரு காலைத் துடைத்தாள், விரல் விரலாகத் துடைத்தாள். அப்புறம் அடுத்த காலை எடுத்தாள்.

தாய் இரண்டு காலையும் துடைத்து முடிக்கும் வரைக்கும் மகள் பதிலுக்குப் பொறுத்துப் பார்த்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வயிறு மறைத்ததால் கீழே கிடந்த செருப்பைக் காலாலேயே தடவித் தேடி, ஒவ்வொன்றாக மாட்டினாள். கைப்பையை எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்தாமல் போனாள்.