ஈரத் துண்டுக் கடை

யோகலட்சுமிக்குத் தெரிந்தவர்களிடம் காசு கேட்க வாய் வராது. பொதட்டூர்பேட்டையில் நெசவுக்காரர் வீட்டில் பிறந்தவள்தான். சின்ன வயதில் அப்பா ஒரு நாள் அவளைக் கடையில் உட்கார வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். வந்த பக்கத்து வீட்டுக்காரர்களுக்கெல்லாம் லுங்கியைச் சும்மா கொடுத்தனுப்பிய புண்ணியவதி அவள். அதற்கப்புறம் கடைப்பக்கமே அவளை விடவில்லை. அப்படிப்பட்டவள் இன்று திருத்தணியில் ஓர் அரசுப் பள்ளியில் வணிகவியல் டீச்சர்.

இந்த வருஷம் பதினோராம் வகுப்புக்கு வியாபாரம் சொல்லிக்கொடுக்க வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பீரியட் கேட்டு வாங்கியிருந்தாள். தலைமையாசிரியர் ஜம்புலிங்கத்துக்கு அதில் துளியும் நம்பிக்கையில்லை.

"ஆடிக் கிருத்திகைக்குக் கடை போட்றீங்க இல்ல, பாக்கலாம். ஓடலன்னா அந்த பீரியட் கணக்குக்குப் போயிடும்."

அந்த ஒரு பீரியடுக்காகவே வெள்ளிக்கிழமை லீவு போடாமல் வரும் பிள்ளைகள் இருப்பது அவருக்கு எங்கே தெரியும்?

மலையடிவாரத்தில் கடை போட்டார்கள். குளித்துவிட்டு வருகிறவர்களுக்கு மஞ்சள் துண்டு. தறி இருக்கும் பிள்ளைகள் வீட்டிலிருந்து எடுத்து வந்து, வீட்டு வழக்கப்படி கஞ்சி போட்டு, மொடமொடவென்று மடித்து அடுக்கியிருந்தார்கள். யோகலட்சுமியும் தடவிப் பார்த்து மெச்சினாள்.

விற்ற வேகத்தில் துண்டுகள் திரும்பி வந்தன.

"இன்னாம்மா இது, நானும் தொடச்சிகினே இருக்கேன், தண்ணி அப்டியே நிக்குது" என்றார் ஒருவர்.

கஞ்சித் துண்டு எங்கே ஈரத்தை உறிஞ்சும்? நெசவுக்காரர் வீட்டில் புதுத் துணி விற்பதற்கு. துடைக்க எப்போதும் பழசுதான். அதனால் டீச்சருக்கும் தோன்றவில்லை, பிள்ளைகளுக்கும் தோன்றவில்லை. பீரியட் போயே போயிற்று என்று நினைத்தாள் யோகலட்சுமி.

சுசித்ரா என்ற மாணவி மட்டும் பக்கெட்டில் தண்ணீர் பிடித்து வந்து, கஞ்சி போக அலச ஆரம்பித்தாள்.

"இது காயறதுக்குள்ள கூட்டம் போயிடுமேடி" என்றாள் யோகலட்சுமி.

அப்போது மொட்டையடித்த குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பள்ளிப்பட்டு அம்மாள் வந்தாள். "அத்த ஈரத்தோடவே குடு பாப்பா. கொழந்தைக்கு மண்ட காயுது" என்று வாங்கி, "குனி நைனா" என்று பிள்ளையின் தலையில் போட்டாள். அழுதுகொண்டிருந்த குழந்தை கப்சிப்.

அவ்வளவுதான். ஆடி வெயில், சுடுகிற படிக்கட்டு, திரும்பிய பக்கமெல்லாம் புது மொட்டை. "மொட்டைக்கு ஈரத் துண்டு" என்று சுசித்ரா குரல் கொடுக்க, அலச ஆள் போதவில்லை.

ஒரே ஒரு துண்டு மிஞ்சியிருந்தபோது ஜம்புலிங்கம் வந்து நின்றார். ஏதோ வேண்டுதலாம், அவரும் மொட்டை. யோகலட்சுமிக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. அவர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார்.

"அப்பாடா. பீரியட நீங்களே வச்சிக்குங்க டீச்சர்."

அவளுக்கு உடம்பே லேசாகிவிட்டது. இனி யார் என்ன கேட்டாலும் கொடுத்துவிடலாம் போல அத்தனை நிம்மதி.

ஜம்புலிங்கம் சட்டைப்பையில் கைவிட்டு, "எவ்ளோங்க?" என்றார்.

'சும்மா வச்சிக்குங்க சார்' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பிள்ளைகள் எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எண்பது ரூபா, சார்" என்றாள்.