பாலூட்டும் அறையில் வரிச் சட்டம்

மருந்து பாட்டில்களுக்கு மூடி செய்யும் அந்தக் கம்பெனியின் கணக்குப் பிரிவில் அவளை எல்லோரும் பரீட்சை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கேலி பாதி, பாசம் பாதி. தணிக்கையாளர் பரீட்சைக்கு அவள் விழுந்து விழுந்து படிப்பதும், கடைசியில் வரிச் சட்டப் பேப்பரில் மண்ணைக் கவ்வுவதும் அங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. மற்ற பேப்பர்களில் எல்லாம் கரையேறிவிட்டாள். இந்த ஒன்றுதான் காலை வாரிக்கொண்டே இருந்தது.

அவள் மக்கு இல்லை. உட்கார்ந்து படிக்க இடம் இல்லை, அவ்வளவுதான். வீட்டில் இரண்டே அறை. மாமனாருக்குக் காது மந்தம்; அவர் போடும் டிவி அடுத்த தெருவரை கேட்கும். மருமகள் மேல் உயிரையே வைத்திருக்கிற மனுஷனிடம் எப்படிப் போய்ச் சத்தத்தைக் குறைக்கச் சொல்வது? மகள்கள் இருவரும் சீப்புக்குச் சண்டை, ரப்பருக்குச் சண்டை என்று பஞ்சாயத்துக்கு வந்து நிற்பார்கள். இன்னொரு அறையில், பஸ் ஓட்டிவிட்டு வந்த கணவர் அசந்து தூங்குவார். விளக்கைப் போட அவளுக்கு மனசு வராது.

ஆக, மிச்சம் இருந்தது ஆபீசின் சாப்பாட்டு நேரம்தான். கேன்டீனில் உட்கார்ந்து பார்த்தாள். தட்டுச் சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், "என்னக்கா, இன்னுமா முடியல?" என்ற விசாரிப்பைத்தான் தாங்க முடியவில்லை. மாடிப்படித் திருப்பத்தில் உட்கார்ந்தாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் உடம்புக்கு என்ன என்று கேட்டார்கள். அட்டைப்பெட்டி அடுக்கும் அறையில் தும்மலே ஒரு பாடமாகிவிட்டது. மேனேஜரின் டிரைவர் பெரிய மனசு பண்ணி, கீழே நிற்கும் காரின் பின்சீட்டைத் திறந்துவிட்டார். முன்சீட்டில் அவர் விட்ட குறட்டைக்கு மாமனாரின் டிவியே தேவலை என்று ஆகிவிட்டது.

இப்படி அலைந்துகொண்டிருந்த ஒரு மதியம், இரண்டாம் மாடிக் கோடியில் இருந்த கதவைத் தள்ளினாள். அது குழந்தை பெற்றுத் திரும்பிய பெண்கள் பால் எடுத்து வைக்க ஒதுக்கிய அறை. யாரும் இருக்கமாட்டார்கள் என்று நினைத்தாள். உள்ளே பச்சைத் திரைக்குப் பின்னால் ஒரு மெஷின் மெல்ல உறுமிக்கொண்டிருந்தது. கூடவே விசும்பல்.

"மன்னிச்சிடும்மா, ஆள் இருக்கிறது தெரியாது," என்று திரும்பப் போனாள்.

"போகாதீங்கக்கா," என்றது திரை.

குரல் தெரிந்ததுதான். மூடிகளின் தரம் பார்க்கும் லேபில் வேலை செய்கிற பெண். முதல் குழந்தை. பிரசவ லீவு முடிந்து, பையனைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு அந்த வாரம்தான் திரும்பியிருந்தாள்.

"பாலே வரமாட்டேங்குதுக்கா. மனசை லேசா வச்சுக்கன்னு டாக்டர் சொல்றாங்க. அவன் அங்க அழறானோ என்னமோன்னு நெனச்சாலே எல்லாம் நின்னுடுது. கொஞ்ச நேரம் ஏதாவது பேசுங்களேன்."

பரீட்சை அக்காவுக்குப் பேச்சு அவ்வளவாக வராது. கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்தாள்.

"என்கிட்ட வரிச் சட்டம்தான் இருக்கு."

"அதையே படிங்க."

படித்தாள். சொத்தை விற்றால் எது லாபம், எது லாபமில்லை, எந்தச் செலவைக் கழிக்கலாம், எதைக் கழிக்கக்கூடாது. நடுவில் ஓர் இடத்தில், மூச்சு விடாமல் அரைப்பக்கம் ஓடிய ஒரே வாக்கியத்தில் அவளுக்கே மூச்சு வாங்கியது. திரைக்குப் பின்னால் ஒரு சிரிப்பு. "இதைப் புரிஞ்சுக்கிறதுக்கு நான் இன்னொரு பிள்ளை பெத்துடலாம் போலிருக்கே," என்றாள் அந்தப் பெண். கொஞ்ச நேரம் கழித்து, சன்னமான குரலில், "அக்கா, வருது. நிறுத்தாதீங்க," என்றாள்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. திரைக்கு அந்தப் பக்கம் மெஷின், இந்தப் பக்கம் புத்தகம். வாய்விட்டுப் படிக்கப் படிக்க, கண்ணால் மேய்ந்தபோது மண்டையில் ஏறாததெல்லாம் ஏறியது. அந்தப் பெண் தனக்குப் புரியாத இடத்தில் "அப்படின்னா?" என்பாள். அவளுக்குச் சொல்லப்போய்த்தான் இவளுக்கே பல விஷயம் விளங்கியது.

ஒருநாள் எச்.ஆர். மேடம் கதவைத் தட்டி எட்டிப் பார்த்தார். அறைச் சாவி அவர் பொறுப்பு.

"இது படிக்கிற இடம் இல்லையேம்மா."

பரீட்சை அக்கா புத்தகத்தை மூடிவிட்டு எழுந்தாள். திரை பேசியது. "எனக்குத் துணைக்கு வந்திருக்காங்க மேடம். அவங்க படிச்சாதான் எனக்குப் பால் இறங்குது."

மேடம் சிரிப்பதா கண்டிப்பதா என்று தெரியாமல் நின்றார். பிறகு கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார்.

பரீட்சை நெருங்கியது. வருமானப் பிரிவு ஒன்றில் மூழ்கியிருந்த ஒரு மதியம், அறை அளவுக்கு மேல் அமைதியாக இருப்பது பரீட்சை அக்காவுக்கு உறைத்தது. மெஷின் சத்தம் இல்லை. எழுந்து திரையை லேசாக விலக்கினாள். அந்தப் பெண் நாற்காலியில் சும்மா கை கட்டி உட்கார்ந்திருந்தாள். மெஷினே கொண்டுவரவில்லை.

"என்னம்மா இது?"

"அவன் பால் குடிக்கிறதை நிறுத்திட்டான்க்கா. சோறு, பருப்புன்னு வெளுத்து வாங்குறான். எனக்கு இங்க வேலை முடிஞ்சு கொஞ்ச நாள் ஆச்சு."

"அப்புறம் எதுக்கு சாப்பிடக்கூடப் போகாம உட்கார்ந்திருக்கே?"

"நான் கேட்டாதானே சாவி குடுப்பாங்க."

பரீட்சை அக்கா தன் டப்பாவைத் திறந்து பாதிச் சோற்றை மூடியில் வைத்து நீட்டினாள். இருவரும் சாப்பிட்டார்கள். பிறகு, "விட்ட இடத்துலேர்ந்து படிங்க," என்றாள் அந்தப் பெண்.

முடிவு வந்த அன்று பரீட்சை அக்கா தேறியிருந்தாள். நிறைய மார்க் இல்லை. தட்டுத் தடுமாறி எல்லையைத் தாண்டியிருந்தாள். அதுவே வயிற்றில் பாலை வார்த்தது. வீட்டில் கணவர் தன் அப்பாவின் காதருகே போய், "உங்க மருமக பாஸாயிட்டா," என்றார். "பஸ்ஸுக்கு என்னடா ஆச்சு?" என்று பதறினார் கிழவர். விஷயம் புரிந்ததும் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் லேப் பெண்ணின் வீட்டுக்குப் போனாள். பையன் தரையெல்லாம் தவழ்ந்து வந்து, அவள் மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுத்தான். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். காபி கொண்டுவந்த அந்தப் பெண் எதிரே உட்கார்ந்து அவளையே பார்த்தாள்.

"என்னம்மா அப்படிப் பார்க்கிறே?"

"இத்தனை நாள் பேசியிருக்கோம். உங்களுக்குக் கன்னத்துல குழி விழும்னு இன்னிக்குத்தான்க்கா தெரியுது."