பேன் பிடித்த அம்மாளாச்சி

ஆராவ் நகரில் விடிந்ததும் நான் பார்க்கும் முதல் வேலை, ஒரு மரத்துக்குச் சவர்க்காரத் தண்ணீர் வார்ப்பது. நாயோடு நடக்கும் சுவிஸ்காரர்கள் "குரூயெட்சி" என்று வணக்கம் சொல்லிவிட்டு, நாயை என்னிடமிருந்து கொஞ்சம் தள்ளி இழுத்துக்கொண்டு போகிறார்கள்.

மரத்துக்குப் பேன். மகள் சிறுமியாக இருந்தபோது சட்டியோடு வாங்கிய கிறிஸ்மஸ் மரம் அது. சைவக்காரன் வீட்டில் ஏன் என்று கேட்காதீர்கள். வகுப்பில் எல்லாப் பிள்ளைகள் வீட்டிலும் இருந்ததால் அவளுக்கும் வேண்டியிருந்தது. பண்டிகை முடிய, சுவிஸ்காரர்கள் தங்கள் மரங்களைக் குப்பைக்கு வைத்தார்கள். உயிருள்ள மரத்தை எறிய எனக்குக் கை வரவில்லை. எவரையும் கேளாமல் அடுக்குமாடியின் பொதுப் புல்வெளியில் நட்டேன். இன்று அது இரண்டாம் மாடியை எட்டிப் பார்க்கிறது. மகளோ சூரிச்சுக்குப் போய்விட்டாள். இந்த நாட்டில் என் கையால் நட்டு வேர் பிடித்தது அது ஒன்றுதான்.

இந்த வசந்தத்தில் இளந்தளிர்கள் கீழ்நோக்கிச் சுருண்டன. ஊசி இலைகளின் அடியில் பஞ்சுபோல ஏதோ வெள்ளையாக ஒட்டியிருந்தது. பஞ்சை விலக்கினால் உள்ளே கடுகிலும் சிறிய பூச்சிகள். மரத்தில் வாயைக் குத்திச் சாற்றை உறிஞ்சிக்கொண்டு, வாடகை கட்டாமல் குடியிருந்தன. இலைகள் மஞ்சளாகிக் கொட்டத் தொடங்கின. ஊரில் பப்பாசிக்கு வெள்ளைப்பூச்சி வந்தால் சாம்பலைத் தூவிவிட்டு நம் பாட்டில் போவோம். பூச்சியை நாங்கள்தான் ஏவிவிட்டோம் என்று பக்கத்து வீட்டுக்காரன் வேலிக்கு மேலால் கத்துவான். அவ்வளவுதான்.

இங்கே கட்டடக் காவலாளர் மோசர் வந்தார். மரமும் இந்த நாட்டது இல்லை, பேனும் இந்த நாட்டது இல்லை, இரண்டும் காக்கசஸ் மலைப்பக்கம் இருந்து வந்தவை என்றார். பின்காட்டு மரங்களுக்குப் பரவுமாம், அதனால் வெட்டவேண்டுமாம். வந்து எவ்வளவு காலம் என்று கேட்டேன். நூறு வருடத்துக்கு மேல் என்றார். "இன்னும் பாஸ்போர்ட் கொடுக்கவில்லையா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

மனைவி விடுவாளா? எந்தக் கிருமிக்கும் மஞ்சள் என்பது அவள் வேதம். அடிமரம் முழுக்கக் குழைத்துப் பூசினாள். ஞாயிற்றுக்கிழமை சோலோதுர்னிலிருந்து அவளுடைய தமக்கை வந்தார். மஞ்சள் பூசிய மரத்தைக் கண்டதும் அம்மன் கோயிலில்போலச் சப்பாத்தைக் கழற்றினார், குங்குமம் வைத்தார், கற்பூரமும் கொளுத்திவிட்டார்.

"என்ன தம்பி, அம்மாளாச்சியை வச்சிட்டு எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே?"

"ஐயோ அக்கா, அது பேனுக்குப் பூசினது!" என்றாள் மனைவி.

அதற்குள் மோசர் தண்ணீர் வாளியோடு ஓடிவந்து கற்பூரத்தை அணைத்தார். மஞ்சளையும் குங்குமத்தையும் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, இது புனித மரமா என்று கேட்டார். அப்படியென்றால் தன்னால் தொட முடியாது, நிர்வாகத்திடம் பேசவேண்டும் என்றார்.

"யா," என்றேன், கண் இமைக்காமல்.

சில நாள் கழித்து, காலையில் சவர்க்காரப் போத்தலோடு இறங்கினால் மோசர் மரத்தடியில் நிற்கிறார். நிர்வாகம் இந்தக் கோடை முடியும்வரை பொறுக்குமாம். சொல்லிவிட்டும் மனுஷன் போகவில்லை. நான் கும்பிடுவதைப் பார்க்க ஆசையாம்.

வேறு வழி? சப்பாத்தைக் கழற்றினேன். ஈரப்புல்லில் காலுறை நனைந்தது. நடிக்கத்தான் கை கூப்பினேன். கூப்பியபின் இறக்க மனம் வரவில்லை. ஊர் அம்மாளுக்கு இந்தக் குளிர் தெரியாது, இந்த ஊர்ச் சாமிக்கு என் தமிழ் விளங்காது. இருவருக்கும் பொதுவாகச் சொன்னேன்: "இது இஞ்சயே நிக்கட்டும். இனிப் பிடுங்கிக்கொண்டு போக வேற இடமில்லை."

பக்கத்தில் மோசர் தொப்பியைக் கழற்றி, "ஆமென்" என்றார்.